வலது பையில் ஒரு கல்

மதியம் பன்னிரண்டரை இருக்கும். வண்டிப்பாதையின் நடுவில், சிவப்புத் துணி கட்டிய மூங்கில் கழியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன். முதுகுக்குப் பின்னால் குன்றில் வெடி வைத்த புகை இன்னும் அடங்கவில்லை. தொண்டையில் மருந்து நெடி. எனக்கு எதிரே ஏழெட்டுப் பேர், இரண்டு மாடுகள், புல் ஏற்றிய ஒரு வண்டி. அத்தனை பேரும் என் கையைத்தான் பார்க்கிறார்கள். கொடி இறங்கினால் அவர்கள் போகலாம்.

நான் வலது கால்சட்டைப் பைக்குள் விரலை விட்டுத் துழாவுகிறேன். ஒரு கல் இருக்கிறது.

இருக்கக் கூடாது.

"இன்னாண்ணா, இன்னும் நின்னுக்கினே கீற? வெடிதான் முடிஞ்சிச்சே" என்றாள் சரோஜா. குன்றுக்குக் கீழே முதல் கழனியும் முதல் கிணறும் அவளுடையவை. எனக்குத் தங்கை முறை. "ரெண்டு மணிக்கு த்ரீ பேஸ் கரண்ட்டு நின்னுடும். மோட்டார் போடணும். நெல்லுக் கழனி காஞ்சி வெடிச்சிக் கெடக்குது."

"கொஞ்சம் இரும்மா."

"எதுக்கு?"

எதுக்கு என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. இருபது வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது. அன்றைக்குச் சொல்லாததை இந்த வாரம் எழுதிவிடலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன். போன வாரமே இந்தப் பத்திரிகைக்கு எழுதியிருக்க வேண்டும். பயந்துகொண்டு வேறு எதையோ எழுதி அனுப்பினேன்.

கொடிக்காரன்

நான் ஆறாம் வகுப்போடு நின்றவன். கணக்கு வாத்தியார் வாய்ப்பாடு கேட்கும் நாளில் நான் கடைசி வரிசையில் ஒளிந்துகொள்வேன். ஏழாம் வாய்ப்பாட்டில் ஒரு நாள் மாட்டிக்கொண்டேன். மறுநாள் போகவில்லை. அதற்கு மறுநாளும் போகவில்லை. அந்த வருடம்தான் எங்கள் ஊர்க் குன்றில் கல்குவாரி திறந்தார்கள். பள்ளிக்கூடம் போகாத கைக்கு அங்கே சுத்தியல் இருந்தது.

ஜல்லி உடைத்தேன். லாரியில் ஏற்றினேன். பிறகு கொடி பிடிக்கிற வேலை வந்தது. அதற்கு என்னைத் தேர்ந்தெடுத்த காரணத்தைக் குவாரி முதலாளி எல்லோர் முன்னாலும் சொன்னார். "ஏழுமல பயந்தாங்கொள்ளி. தைரியசாலிய கொடிக்கு வெச்சா ஜனங்க செத்துடும்." எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு அது பெருமையாகத்தான் இருந்தது.

வெடி வைப்பவர் கரீம் பாய். பேரணாம்பட்டிலிருந்து முதல் பஸ்ஸில் வருவார். கம்ப்ரசர்காரர்கள் பாறையில் குழி போட்டு முடித்ததும், பாய் ஒவ்வொரு குழியிலும் மருந்து வைத்துத் திரி விடுவார். பிறகு மேலே நின்றுகொண்டு விரலைக் காட்டுவார். ஐந்து விரல் என்றால் ஐந்து குழி. இரண்டு கையையும் விரித்தால் பத்து.

எத்தனை குழியோ அத்தனை கல்லை நான் பொறுக்கி வலது பையில் போட்டுக்கொள்வேன். புளியங்கொட்டை அளவு கல். கொடியோடு பாதையில் போய் நிற்பேன். மூன்று விசில். பாய் திரிகளைப் பற்றவைத்துவிட்டு ஓடி வந்து பாறைமறைவில் உட்காருவார். ஒவ்வொரு சத்தத்துக்கும் ஒரு கல்லை வலது பையிலிருந்து இடது பைக்கு மாற்றுவேன். வலது பை காலியானால் எல்லாக் குழியும் வெடித்துவிட்டது என்று அர்த்தம். அப்போது கொடியை இறக்கலாம். ஒரு கல் மிச்சமிருந்தால் ஒரு குழி வெடிக்காமல் பாறைக்குள் உட்கார்ந்திருக்கிறது. அப்போது ஈ காக்கா உள்ளே போகக் கூடாது. பாய் போய்ப் பார்த்து, அதைத் தீர்த்த பிறகுதான் மற்றவர்கள்.

வாயால் எண்ணினால் போதாதா என்று கேட்பார்கள். போதாது. கொடி பிடிக்கிறவனிடம்தான் ஊரே பேச வரும். "இன்னா ஏழுமல, மாமியாருக்குக் கண்ணு தெரியுதா?" என்று ஒருத்தர் கேட்டால் போதும், நான்கா ஐந்தா என்று மறந்துபோகும். அதற்காக நானே கண்டுபிடித்துக்கொண்டதுதான் இந்தக் கல் கணக்கு. வீட்டில் துணி துவைக்கும்போது பைக்குள்ளிருந்து ஜல்லி கொட்டுகிறது என்று மல்லிகா திட்டுவாள். மல்லிகா என் மனைவி. அப்போது ஆம்பூரில் ஷூ கம்பெனியில் அப்பர், அதாவது ஷூவின் மேல்தோல், தைத்துக்கொண்டிருந்தாள்.

பன்னிரண்டு மணி வெடிக்கு ஊர் பழகிவிட்டது. கோழிகள்கூடத் தலையைத் தூக்காமல் மேய்ந்துகொண்டிருக்கும். வெடிச் சத்தம் கேட்டால்தான் எங்கள் தெருவில் சோற்றுக்கு உலை வைப்பார்கள். வெளியூரிலிருந்து பிள்ளை பெற வந்த பெண்கள் மட்டும் முதல் நாள் அலறுவார்கள். அவர்களுடைய குழந்தைகள் மூன்றாம் நாளே அந்தச் சத்தத்தில் தூங்கும்.

பருப்பு வேகிற ஊர்

இங்கே கொஞ்சம் ஊரைப் பற்றிச் சொன்னால்தான் பின்னால் வருவது புரியும்.

எங்கள் பக்கத்தில் பெண் பார்க்க, மாப்பிள்ளை பார்க்க வருகிறவர்கள் முதலில் கேட்பது நிலம் எவ்வளவு என்பதல்ல. "உங்க ஊர்ல பருப்பு வேகுமா?" என்பதுதான். ஆற்றோரக் கிணறுகளில் தண்ணீர் உப்பாகிப் பல வருடம் ஆகிறது. தோல் கம்பெனிகளில் தோல் கழுவிய நீர் மண்ணுக்குள் இறங்கி, அங்கிருந்து கிணற்றுக்கு வந்தது. அந்தத் தண்ணீரில் துவரம் பருப்பை மதியம் வரை கொதிக்கவிட்டாலும் பல்லில் கடிபடும். டீ திரிந்து போகும். வரப்பில் உப்பு வெள்ளையாகப் பூத்து நிற்கும்.

மல்லிகாவின் தாய்மாமன் எங்கள் வீட்டுக்கு மாப்பிள்ளை பார்க்க வந்தபோது துண்டு முனையில் ஒரு பிடி பருப்பை முடிந்துகொண்டு வந்தார். எங்கள் அடுப்பில், எங்கள் தண்ணீரில் அதை வேகவைக்கச் சொல்லிவிட்டு வாசலில் உட்கார்ந்தார். நான் உள்ளே நின்று பானையையே பார்த்துக்கொண்டிருந்தேன். வெந்தது. கல்யாணம் நடந்தது.

எங்கள் பருப்பு வெந்ததற்குக் காரணம் குன்று. ஊரின் மேற்கே ஆறு, கிழக்கே குன்று. ஆற்றுப் பக்கக் கிணறு உப்பு, குன்றுப் பக்கக் கிணறு நல்ல தண்ணீர். மழை குன்றில் விழுந்து பாறை இடுக்கு வழியாக எங்கள் கிணறுகளுக்கு வரும். அந்தக் குன்றைத்தான் நாங்கள் உடைத்தோம். ஆறு மணலாகப் போயிற்று, குன்று ஜல்லியாகப் போயிற்று. இரண்டும் ஒரே சாலையில்தான் போயின.

யாரையும் குற்றம் சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை. தோல் கம்பெனிச் சம்பளத்தில் எங்கள் வீட்டுக்கு ஓடு மாறியது. குவாரிச் சம்பளத்தில் என் அப்பாவுக்கு வைத்தியம் பார்த்தோம். வேர்க்கடலைச் செடி மேல் கல் அரைக்கும் கிரஷரின் தூசி படிந்து இலை வெளுத்துப் போனபோது, அதைக் கழுவிவிட்டதும் குவாரியில் வேலை செய்த எங்கள் வீட்டுப் பெண்கள்தான். காலையில் தூசி கிளப்பி, சாயங்காலம் தூசி கழுவினோம்.

எட்டா, ஒன்பதா

அந்த நாளுக்கு வருகிறேன்.

குவாரியின் குத்தகை முடியப் போகிறது, புதுப்பிக்க மாட்டார்கள் என்று பேச்சு. அதனால் கிடைக்கிற கல்லை எல்லாம் பெயர்த்துவிட வேண்டும் என்று ஒரே அவசரம். அன்று கரீம் பாய் ஒரு கையை விரித்து, மறு கையில் நான்கு விரலைக் காட்டினார். ஒன்பது குழி. ஒன்பது கல்லை எண்ணி, மறுபடி எண்ணி, பையில் போட்டேன்.

ஒன்று, இரண்டு, மூன்று என்று ஒழுங்காகத்தான் வந்தன. ஆறாவது பெரிய சத்தம். தரை காலுக்குக் கீழே உதறியது. பிறகு ஏழு, எட்டு. பிறகு ஒன்றும் இல்லை. கற்கள் உருண்டு அடங்குகிற சத்தம் மட்டும். ஒன்பதுக்குக் காத்திருந்தேன். வரவில்லை.

இரண்டு குழி ஒரே நேரத்தில் வெடித்தால் ஒரே சத்தமாகக் கேட்கும். அதுவும் உண்டு. அந்த ஆறாவது சத்தம் அப்படி இருக்கலாம். இல்லாமலும் இருக்கலாம்.

கரீம் பாய் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு இறங்கி வந்தார்.

"பாய், எனக்கு எட்டுதான் வந்துச்சு."

"ரெண்டு சேர்ந்து போயிருக்கும்பா."

"பார்த்துட்டீங்களா?"

"புகையில இன்னாத்த பாக்கறது? சேர்ந்துதான் போச்சு."

இதற்குள் வண்டிக்காரர் மாட்டை அதட்ட ஆரம்பித்துவிட்டார். புதிதாக வந்து நின்ற லாரியின் டிரைவர் ஹாரன் அடித்தார். சரோஜா என் பக்கத்தில் வந்து நின்றாள். "ண்ணா, உனக்கு பயம்னா நீ நில்லு. என் நெல்லு இன்னா பாவம் பண்ணிச்சு? ஒரு மணி நேரக் கரண்ட்டு போச்சுன்னா திரும்ப நாளைக்குத்தான்."

கூட்டத்தில் ஒரு குரல், "அவன் பொண்டாட்டி சோறு போட்டாக்கூட உப்பு சரியா கீதான்னு கொடி புடிப்பான்" என்றது. எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

கொடியை இறக்கினேன்.

அந்தக் கல் வலது பையிலேயே இருந்தது. அதை இடது பைக்கு மாற்றவும் மனம் வரவில்லை, தூக்கி எறியவும் வரவில்லை. வீட்டுக்கு வந்து மாடத்தில், சீயக்காய் டப்பாவுக்குப் பின்னால் வைத்தேன்.

அன்று ஒன்றும் நடக்கவில்லை. மறுநாள் காலையில் சரோஜா கூடையோடு குன்றுக்குப் போய், அந்தச் சரிவிலேயே கிணற்று மேடைக்குக் கல் பொறுக்கிக்கொண்டு வந்தாள். அவள் திரும்பி வரும் வரை நான் பாதையில் நின்றிருந்தேன். "இன்னாண்ணா, இன்னிக்கும் கொடியா?" என்று கேட்டுவிட்டுப் போனாள். அந்த வாரமே குத்தகை முடிந்தது. கம்ப்ரசர் போயிற்று, கிரஷர் போயிற்று. கடைசியாக வெடித்துச் சரிந்த கல்லில் பாதியை அள்ளவே இல்லை. அது விழுந்த இடத்திலேயே கிடந்தது. ஒன்பதாவது குழி அதற்குப் பின்னால் இருக்கிறதா இல்லையா என்று யாரும் பார்க்கவில்லை. எனக்கும் பார்க்கத் தைரியம் வரவில்லை.

முள்

வேலை போனபின் கழனியைப் பார்த்துக்கொண்டேன். ஆனால் வருடத்துக்கு இரண்டு முறை, கருவேல முள்ளை வெட்டிக்கொண்டு போய் அந்தக் கல் சரிவைச் சுற்றிப் போட்டு வருவேன். ஆடு மேய்க்கிறவர்கள் ஏறக் கூடாது, பிள்ளைகள் விளையாடக் கூடாது. முள் மக்கினால் புது முள். மழைக்கு முன் ஒரு தடவை, பின் ஒரு தடவை.

ஊர் சும்மா இருக்குமா? புறம்போக்கை வளைத்துப் போடுகிறான் என்றார்கள். புதையல் இருக்கிறது என்றும் ஒரு பேச்சு. சரோஜா நேராகவே கேட்டாள். "ண்ணா, அந்தப் பாறையில இன்னா நெல்லா வெளையும்? யாருக்கு வேலி போடற?"

மல்லிகாவுக்கு மட்டும் ஒரு தடவை சொன்னேன். அவள் தையல் மிஷினுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தாள். "மழை பெய்ஞ்சா ஓடு போயிடும்னு பயம். பெய்யலன்னா கிணறு போயிடும்னு பயம். இப்ப கல்லு வேறயா? போய் யார்கிட்டயாவது சொல்லுங்களேன்."

"சொன்னா, ஏன் அன்னிக்கு கொடிய எறக்கினேன்னு கேப்பாங்களே."

அதற்குப் பிறகு வீடு கூட்டும்போதும் அவள் மாடத்துக் கல்லைத் தொடமாட்டாள்.

குவாரிப் பள்ளத்தில் மழைநீர் தேங்கித் தேங்கி இப்போது பெரிய குட்டையாகிவிட்டது. பச்சை நிறம். ஆழம் யாருக்கும் தெரியாது. ஒரு கோடையில் குன்றுப் பக்கக் கிணறுகளும் அடிமட்டம் போயின. அப்போதுதான் சரோஜா ஒரு குடம் குட்டைத் தண்ணீரை எடுத்துக்கொண்டு போய்ப் பருப்பு போட்டுப் பார்த்தாள். வெந்தது. கிண்ணத்தில் எடுத்துக்கொண்டு தெருவெல்லாம் காட்டினாள். "பாருங்க, நசுக்கிப் பாருங்க. வெண்ணெய் மாதிரி கீது."

அவள் சும்மா விடுகிற ஆள் இல்லை. கழனிக்காரர்கள் இருபது பேரைச் சேர்த்துக் குழு ஆரம்பித்தாள். ஆபீஸ் ஆபீஸாக நடந்து, குட்டையிலிருந்து குழாய் போட அனுமதி வாங்கினாள். இது இரண்டு வருடத்துக்கு முந்தைய கதை. பாறையில் ஓட்டை போட்டு இரும்புக் கிளாம்ப் அடித்து, அதன் மேல் குழாயைக் கொண்டுவர வேண்டும். எந்தப் பக்கம் என்று இடம் பார்த்தார்கள். மூன்று பக்கமும் செங்குத்து. ஒரு பக்கம்தான் சரிவு.

என் முள் கிடக்கிற பக்கம்.

"திங்கட்கிழம டிரில் மிஷின் வருது. முள்ள எடுத்துடுண்ணா. இல்லன்னா நான் கொளுத்திடுவேன்" என்றாள் சரோஜா.

பேரணாம்பட்டில்

சனிக்கிழமை காலை முதல் பஸ்ஸில் ஏறினேன். கரீம் பாயைப் பார்த்துப் பல வருடம் ஆகியிருந்தது. மசூதித் தெருவில் விசாரித்துக் கண்டுபிடித்தேன். மகன் வீட்டு மாடியில் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். தாடி முழுக்க வெள்ளை. காது கேட்கவில்லை. வெடிச் சத்தம் தின்றுவிட்டது என்று அவர் மருமகள் சொன்னாள். எனக்கு டீ கொண்டுவந்து வைத்தாள்.

நான் கத்திப் பேச வேண்டியிருந்தது. ரகசியத்தைக் கத்திச் சொல்வது எவ்வளவு கஷ்டம் என்று அன்றுதான் தெரிந்தது.

"பாய்! கடைசி வெடி! ஒன்பது குழி! ஞாபகம் கீதா?"

"கீது, கீது. மெதுவா சொல்லு, பக்கத்து வூட்ல ஓடி வந்துடப் போறாங்க."

"நீங்க எத்தினி சத்தம் எண்ணினீங்க?"

பாய் என்னை ஒரு மாதிரி பார்த்தார். "நான் எங்க எண்ணினேன்? நான் என்னிக்குமே எண்ணினதில்லையே. நீதான் பைல கல்லு போட்டு எண்ணுவியே. நீ எண்ணுவேன்னு நான் எண்ணல."

"அப்புறம் ஏன் சேர்ந்து போச்சுன்னு சொன்னீங்க?"

"நீ எட்டுன்னு சொன்ன. ஒன்பது வெச்சேன். அப்ப சேர்ந்துதானே போயிருக்கணும்?"

நான் டீயைக் கீழே வைத்துவிட்டேன். அவர் சொன்னார் என்று நான் கொடியை இறக்கினேன். நான் சொன்ன எண்ணிக்கையை வைத்து அவர் அப்படிச் சொன்னார். இடையில் பாறையை யாரும் கேட்கவில்லை.

"பாய், அந்தக் கல்லு இன்னும் என்கிட்ட கீது."

"எந்தக் கல்லு?"

சொன்னேன். மாடம், சீயக்காய் டப்பா, முள், எல்லாவற்றையும். பாய் மருமகளிடம் பழைய பேப்பர் கேட்டார். டீ டம்ளரில் விரலை நனைத்துப் பேப்பரில் ஒன்பது பொட்டு வைத்தார். ஐந்து மேலே, மூன்று கீழே, ஒன்று தனியாக.

"இங்க பாறையில வெள்ளையா ஒரு ரேகை ஓடும். அதுக்கு இந்தாண்ட ஒண்ணு வெச்சேன். ஆழமா வெச்சேன். திரி கொஞ்சம் ஈரமாத்தான் இருந்துச்சு. முதலாளி ஜல்தி ஜல்தின்னாரு." விரல் அந்தத் தனிப் பொட்டின் மேல் நின்றது. "ஒண்ணு மிச்சம்னா, இதுதான்."

"இருபது வருசம் ஆச்சே பாய். இன்னும் வெடிக்குமா?"

"வெடிக்காதுன்னு சொல்ல நான் யாரு? அன்னிக்கு ஒரு தபா தெரியாம சொல்லிட்டேன்." சட்டையை எடுத்து மாட்டிக்கொண்டார். "வா, போலாம். நீ ஒருத்தனே போனா அடிப்பாங்க. ரெண்டு பேருன்னா பாதி பாதி."

சொன்னது

அன்று சாயங்காலம் குட்டைக் கரையில் குழு கூடியிருந்தது. டிரில் மிஷின்காரரும் முன்கூட்டியே மிஷினை இறக்கிவிட்டு இடம் பார்த்துக்கொண்டிருந்தார். நான் சொன்னேன். எழுதிவைத்துப் படிக்கலாம் என்று நினைத்து ஒரு தாளை எடுத்துப் போயிருந்தேன். வியர்வையில் எழுத்து கலைந்திருந்தது. அதனால் மாடத்திலிருந்து கொண்டுவந்திருந்த கல்லைப் பையிலிருந்து எடுத்துக் காட்டிவிட்டு வாயால் சொன்னேன்.

ஒருத்தர் சிரித்தார். "இதுக்குத்தான் இத்தினி வருசம் முள்ளு போட்டியா?" டிரில் மிஷின்காரர் சிரிக்கவில்லை. அவர் எழுந்து தன் மிஷினை வண்டியில் திரும்ப ஏற்ற ஆரம்பித்தார்.

சரோஜா சத்தம் போடுவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் மெதுவாகத்தான் பேசினாள்.

"வெடி வெச்ச மக்யா நாளு நான் அங்கதான் கல்லு பொறுக்கினேன். கடப்பாறை போட்டு நெம்பினேன். நீ பாதையில நின்னுக்கினு பாத்த."

"ஆமாம்மா."

"அப்ப என் பொண்ணு ஆறு மாசம் வயித்துல."

"தெரியும்மா."

"தெரிஞ்சும் வாயத் தொறக்கல."

கரீம் பாய் குறுக்கே வந்து, "தப்பு என்னுதும்மா, நான்தான் சேர்ந்து போச்சுன்னேன்" என்றார். சரோஜா அவரைப் பார்க்கக்கூட இல்லை. "நான்தான் கரண்ட்டு கரண்ட்டுன்னு கத்தினேன்" என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டாள்.

இரண்டு மாதம் என்னிடம் பேசவில்லை. வழியில் பார்த்தால் எதிர்ப்பக்கம் போவாள். ஆனால் மனு எழுதி ஆபீஸுக்குக் கொண்டுபோனது அவள்தான். வெடிமருந்து லைசென்ஸ் உள்ள ஒருவரை அனுப்ப வேண்டும் என்று வாரா வாரம் போய் உட்கார்ந்ததும் அவள்தான்.

மறுபடியும் கொடி

லைசென்ஸோடு வந்தவருக்கு நாற்பது வயது இருக்கும். அமைதியான மனிதர். தலையில் ஹெல்மெட். இரண்டு நாள் கையாலேயே கல்லை விலக்கவைத்தார். வெள்ளை ரேகைக்கு இந்தாண்டைப் பக்கம், பாய் பொட்டு வைத்த இடத்தில், மண் அடைத்த ஒரு குழி வாய் தெரிந்தது. அதிலிருந்து கறுத்துப்போன திரி நுனி ஒன்று எட்டிப் பார்த்தது.

என் பயம் பொய்யாக இருந்திருக்கலாமே என்றுதான் அந்த நிமிடம் எனக்குத் தோன்றியது.

"தொடக் கூடாது. தள்ளி இன்னொரு குழி போட்டு, புதுசா மருந்து வெச்சு, ரெண்டையும் சேர்த்து எடுத்துடலாம்" என்றார் ஹெல்மெட்காரர். "கீழ பாதைய அடைக்கணும். யார் கொடி புடிக்கறது?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். பாய், "இவன்தான். வேற யாரு?" என்றார்.

புதுக் குழி ஒன்று, பழைய குழி ஒன்று. மாடத்துக் கல்லோடு இன்னொரு கல்லைப் பொறுக்கி வலது பையில் போட்டேன். மதியம் ஆகிவிட்டது. பாதையில் கொடியோடு நின்றேன். எதிரே சைக்கிள், பைக், புல்லுக்கட்டு, கம்பெனி வேன் ஒன்று. சரோஜாவும் நின்றாள். அன்றைக்கும் அவளுக்கு இரண்டு மணி வரைதான் கரண்ட்.

மூன்று விசில்.

ஒரு சத்தம். பெரிய சத்தம். தரை உதறியது. கல் உருண்டது. அடங்கியது.

ஒரு கல்லை இடது பைக்கு மாற்றினேன். காத்திருந்தேன். வேறு சத்தம் வரவில்லை.

பக்கத்தில் நின்றிருந்த கரீம் பாய், தரை அதிர்ந்ததைக் காலில் உணர்ந்திருக்க வேண்டும். "சேர்ந்து..." என்று ஆரம்பித்தார். ஆரம்பித்தவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டார். பிறகு கையை மெல்ல எடுத்து, "எனக்குக் காது கேக்கல. நீ சொல்லு. எத்தினி?" என்றார்.

"ஒண்ணு, பாய்" என்று ஒரு விரலைக் காட்டினேன்.

"அப்ப நில்லு."

நின்றேன். ஹெல்மெட்காரர் புகை அடங்கிய பிறகும் அரை மணி நேரம் கழித்துத்தான் மேலே போவேன் என்று சொல்லியிருந்தார். வெயில் நேராக உச்சியில். வேன் டிரைவர் ஹாரன் அடித்தார்.

"பெரியவரே, வெடிச்சாச்சே! செகண்ட் ஷிப்ட் ஆளுங்க வேன்ல கீறாங்க. லேட்டானா பேஜாராயிடும்."

நான் வாயைத் திறப்பதற்குள் சரோஜா திரும்பினாள். "கொடி மேலதான கீது? கண்ணு தெரியல? ஷிப்டு இன்னா, நாளைக்கும் வரும். எறங்கி நெழல்ல நில்லு."

சொல்லிவிட்டுச் சேலையைச் சுருட்டிக்கொண்டு வரப்பில் உட்கார்ந்தாள். மணி ஒன்றரை தாண்டியது. அவள் கழனிப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. சிறிது நேரம் கழித்து, என்னைப் பார்க்காமலே, "தண்ணி வேணுமாண்ணா?" என்று கேட்டாள். இரண்டு மாதத்தில் முதல் வார்த்தை. பாட்டிலை நீட்டினாள். ஒரு கையால் கொடியைப் பிடித்துக்கொண்டு மறு கையால் வாங்கிக் குடித்தேன்.

ஹெல்மெட்காரர் மேலே போனார். வெகுநேரம் ஆனது போல இருந்தது. பாறை முகத்தை ஒவ்வொரு அடியாகப் பார்த்தார். சரிந்த கல்லைப் புரட்டிப் பார்த்தார். கீழே இறங்கி வந்து, "வாங்க, நீங்களே பாருங்க" என்று என்னைக் கூப்பிட்டார்.

கொடியைச் சரோஜாவின் கையில் கொடுத்தேன். "எறக்காதம்மா."

"நான் எறக்குவனா?"

மேலே போய்ப் பார்த்தேன். வெள்ளை ரேகைக்கு இந்தாண்டை, பாறை பிளந்து புதிதாக நின்றது. பழைய குழி நெடுக்காகப் பாதியாகப் பிளந்து, உள்ளே அடி வரைக்கும் தெரிந்தது. மூங்கிலைப் பிளந்தது மாதிரி. உள்ளே ஒன்றும் இல்லை. கையை வைத்துப் பார்க்கலாமா என்று கேட்டேன். அவர் சிரித்து, வையுங்கள் என்றார். வைத்தேன். பாறை சூடாக இருந்தது.

இறங்கி வந்தேன். சரோஜா கொடியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, அசையாமல் நின்றிருந்தாள். வாங்கிக்கொண்டேன். வலது பையிலிருந்த கல்லை எடுத்து இடது பையில் போட்டேன். வலது பையை வெளியே இழுத்து, காலியாக இருக்கிறதா என்று ஒரு தடவை பார்த்துக்கொண்டேன். அதற்குப் பிறகுதான் கொடியை இறக்கினேன்.

வேன் முதலில் போயிற்று. பிறகு பைக்குகள். சரோஜா சேலையில் ஒட்டிய மண்ணைத் தட்டிவிட்டுக் கழனிப் பக்கம் நடந்தாள். கரண்ட் போய் அரை மணி நேரம் ஆகியிருந்தது.